இரண்டு கிளட்ச் வைத்த வண்டி

எங்கள் ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் என் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பாதிப் பேருக்கு இன்னும் சரியாக ஓட்டத் தெரியாது. இது அக்காவே போட்ட கணக்கு. ஊர் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. அதைக் கேட்டு அவள் கோபித்துக்கொண்டதே இல்லை. போனை எடுத்தால் "பிரேக் அக்கா டிரைவிங் ஸ்கூல்" என்றுதான் ஆரம்பிப்பாள்.

நான் அவளுடைய தம்பி, மெக்கானிக். அவள் வண்டியின் எஞ்சின் மூடியை என்னைத் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அப்படித் திறந்து நான் என்ன சொன்னாலும் நம்ப மாட்டாள் என்பது எழுதப்படாத சட்டம்.

இருபது வருடத்துக்கு முன்னால் அவள் வேறொருவர் நடத்திய டிரைவிங் ஸ்கூலில் விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுக்கிற வேலையில் இருந்தாள். ஒருநாள் காலையில் அங்கே சொல்லிக் கொடுப்பவர் முதலாளியோடு சண்டை போட்டுவிட்டுச் சாவியை மேசைமேல் எறிந்துவிட்டுப் போய்விட்டார். வாசலில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அக்கா சாவியை எடுத்துக்கொண்டு, "ஒவ்வொருத்தரா வாங்க, முதல்ல செருப்ப ஒழுங்கா மாட்டுங்க" என்றாள். அன்றைக்கு ஏறியவள் இன்னும் இறங்கவில்லை. பிற்பாடு அந்த முதலாளி தொழிலை மூடியபோது அங்கிருந்த கார்களிலேயே பழசை வாங்கினாள். அதுதான் இப்போதும் அவளிடம் இருக்கும் வண்டி.

அந்த வண்டியில் ஓட்டுகிறவருக்கு இருப்பதுபோலவே பக்கத்து சீட்டுக்கு முன்னாலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. நான் பொருத்திக் கொடுத்தது. அந்தப் பக்கம் மிதித்தால் கேபிள் இழுத்து இந்தப் பக்கத்துப் பெடலும் இறங்கும். கற்றுக்கொள்கிறவர் பதறினால் அக்கா பதறாமல் மிதிப்பாள்.

அவளுடைய முதல் விதி, வண்டிக்குள் அவள் மட்டும்தான் பேசலாம். "வாய் ஓடினா கண் நின்னுடும்" என்பாள். நீதிபதி வந்தாலும் இதே விதிதான். அந்த விதிதான் எஞ்சினைக் கொன்றது.

அது ஒரு சனிக்கிழமை காலை. ஓட்டியவர் பல் டாக்டர். போகிற வழியில் ரேடியேட்டரின் ரப்பர் குழாய் கிழிந்து தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டது. சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனது. அக்கா உட்காரும் இடத்திலிருந்து ஸ்டீயரிங் அந்த முள்ளை மறைக்கும். டாக்டருக்கு நன்றாகத் தெரிந்தது. முள் சிவப்பைத் தாண்டியும் அவர் வாயைத் திறக்காமல், இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, அக்கா சொன்ன வேகத்தில் ஓட்டிக்கொண்டே போயிருக்கிறார். கடைசியில் கிரீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. மூடியின் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. வண்டி நின்றது.

"முள்ளப் பாக்கலையா சார்?"

"பாத்தேம்மா. ரொம்ப நேரமா பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"பேசக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்களே."

ஊரில் உள்ள எல்லோரையும் வாயைத் திற, வாயைத் திற என்று சொல்லிப் பிழைக்கிறவர். தான் திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. இருபது வருடத்தில் அக்கா பேச்சை அட்சரம் பிசகாமல் கேட்ட ஒரே மாணவர் அவர்தான்.

வண்டியைக் கயிறு கட்டி என் பட்டறைக்கு இழுத்து வந்தோம். எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்கும் கிராங்க் போல்ட்டில் நீளமான ஸ்பானரை மாட்டி என் முழு எடையையும் போட்டுச் சாய்ந்தேன். எஞ்சின் இம்மியும் சுற்றவில்லை. மேல்பாகத்தைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு பிஸ்டன்கள் சிலிண்டரோடு ஒட்டிக்கிடந்தன, எஞ்சின் பிளாக்கில் விரல் நீளத்துக்கு விரிசல்.

"இத செப்பனிட முடியாதுக்கா. முழு எஞ்சினையும் மாத்தணும்."

அக்கா விரிசலைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடுமா?"

வெள்ளிக்கிழமை மாமாவுக்கு லைசென்ஸ் தேர்வு. மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். ஒரு பேக்கரியில் அடுப்படியில் வேலை பார்க்கிறார். பதினெட்டு வருடமாக மாவுத் தூசியைச் சுவாசித்ததில் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. இனிமேல் மாவு பக்கமே போகக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பேக்கரி முதலாளி நல்ல மனிதர். கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோகும் வேனை ஓட்டுங்கள், லைசென்ஸோடு திங்கட்கிழமை வாருங்கள், இல்லையென்றால் வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்றார். மாமா ஏற்கெனவே மூன்று தடவை தேர்வில் தோற்றவர். மூன்று தடவையும் ஒரே கதை. கிளப்பியதும் வண்டி அணைந்துவிடும். ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறவளின் புருஷனுக்கு வண்டி நகர்த்தத் தெரியவில்லை என்று லைசென்ஸ் அலுவலக வாசலில் டீ விற்பவர் உட்படச் சிரித்தார்கள்.

தேர்வு நடத்தும் அதிகாரி, பக்கத்து சீட்டில் பெடல் இல்லாத வண்டியில் ஏற மாட்டார். ஊரில் இன்னொரு ஸ்கூலிலும் அப்படி வண்டி உண்டு. ஆனால் மாதக் கடைசி வரைக்கும் அது காலியில்லை. ஆக, எங்களுக்கு இந்த வண்டி, இந்த வெள்ளிக்கிழமை. இரண்டில் ஒன்று தவறினாலும் மாமா திங்கட்கிழமை மறுபடி அடுப்படிக்குத்தான் போக வேண்டும்.

"ஓடும்" என்றேன். சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். என் வழக்கம் அது.

அடிபட்ட வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டு ஒன்றில் அதே மாடல் கார் கிடைத்தது. பின்னால் லாரி மோதி டிக்கி பின்சீட்டோடு சேர்ந்திருந்தது, முன்பக்கம் கீறல்கூட இல்லை. பேட்டரி கொடுத்து ஓடவிட்டுக் காதால் கேட்டேன். நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தேன். ஆயில் மூடியைத் திறந்து விரலை விட்டேன். சுத்தம். திங்கட்கிழமை மத்தியானம் அந்த எஞ்சின் என் பட்டறையில் டயர்மேல் உட்கார்ந்திருந்தது. எஞ்சின் நம்பர் மாற்றும் பேப்பரை அக்கா அலைந்து வாங்கினாள். அந்த லைசென்ஸ் அலுவலகத்தில் பாதிப் பேர் அவளிடம் கற்றவர்கள். பயத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

எஞ்சின் மாற்றுவது பெரிய ரகசியமில்லை. கழற்றுகிற ஒவ்வொரு ஒயருக்கும் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்ட வேண்டும். போல்ட்டுகளை வந்த இடம் வாரியாகத் தட்டில் போட வேண்டும். மூடி, பேட்டரி, ரேடியேட்டர், புகைக்குழாய் என்று வரிசையாக விடைபெற்ற பிறகு, கியர்பாக்ஸைப் பிரித்து, செயின் பிளாக்கில் மாட்டி மெதுவாகத் தூக்க வேண்டும். பழைய எஞ்சின் வெளியே வந்தபோது கிளட்ச் பிளேட்டைப் பார்த்தேன். ஒன்பது மாதத்துக்கு முன் நானே போட்டது, கருகித் தீய்ந்த வாடை அடித்தது. கற்றுக்கொள்கிறவர்கள் வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று தூக்கி ஓரமாகப் போட்டேன். அங்கேயே நின்று இரண்டு நிமிடம் யோசித்திருந்தால் எனக்கு ஒரு முழு நாள் மிச்சமாகியிருக்கும்.

புதிய எஞ்சினுக்கு டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப், ஆயில் சீல்கள், கிளட்ச் பிளேட் எல்லாம் புதிதாகப் போட்டு உள்ளே இறக்கினேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சாவியைத் திருப்பியதும் இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஆயில் விளக்கு அணைந்தது. சத்தம் அவ்வளவு சீராக இருந்தது. பக்கத்து வெல்டிங் கடைக்காரர் வந்து கை கொடுத்துவிட்டுப் போனார்.

"ஏறு, ஒரு சுத்து போகலாம்" என்றேன். அக்கா தன் வழக்கமான இடத்தில் ஏறினாள். நான் கியர் போட்டு கிளட்சை விட்டேன். எஞ்சின் உறுமியது. வண்டி ஊர்ந்தது. ஆக்சிலரேட்டரைக் கொடுத்தேன், சத்தம்தான் ஏறியது, வேகம் ஏறவில்லை. தெருமுனைக்குள் தீய்ந்த வாடை வந்துவிட்டது.

"என்னடா இது, புது எஞ்சினா நொண்டி எஞ்சினா?"

"கிளட்ச் வழுக்குது" என்றேன், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி.

பிளேட்மேல் ஆயில் கசிந்திருக்கும் என்று நினைத்தேன். புதன்கிழமை காலையில் மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, மறுபடி செயின் மாட்டி, மறுபடி எஞ்சினைத் தூக்கினேன். சீல் காய்ந்து கிடந்தது. பிளேட்டில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. கோபத்தில் யார்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

அவர் அமைதியாகக் கேட்டார். "எஞ்சின் சுத்துதா அண்ணே?"

"சுத்துது."

"அப்ப எஞ்சின் மேல ஏன் பழி போடுறீங்க? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

போனை வைத்துவிட்டேன். அவர் சொன்னது சரி என்பதுதான் அதிகமாக எரிந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டையும் மாற்றி, கேபிளை அளந்து வைத்து, எஞ்சினை மீண்டும் இறக்கினேன். வியாழக்கிழமை விடிந்ததும் நானே தனியாக ஓட்டிப் பார்த்தேன். அம்பு மாதிரி போனது. தெருவை மூன்று தடவை சுற்றினேன், வெல்டிங் கடைக்காரருக்குக் கை காட்டினேன். அக்காவுக்குப் போன் போட்டு, "வா, வந்து பாரு உன் தம்பி வேலையை" என்றேன்.

அவள் வந்தாள். ஏறினாள். வண்டி நொண்டியது.

நான் நிறுத்தினேன். "இறங்குக்கா."

அவள் இறங்கினாள். நான் தனியாகத் தெருமுனை வரை போய்த் திரும்பினேன். அம்பு.

"ஏறு."

நொண்டி.

"உனக்கும் இந்த எஞ்சினுக்கும் ஒத்துப்போகல" என்றேன். "ஜாதகம் பாத்திருக்கணும்." அப்படிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்தவன், அப்போதுதான் பார்த்தேன். அக்காவின் இடது கால் அந்தப் பக்கத்துக் கிளட்சின் மேல் இருந்தது. சும்மா வைத்த கால் இல்லை. பாதி அளவுக்கு அழுத்தி, விரல்கள் வெளுக்க மிதித்திருந்தாள். என் பக்கத்துப் பெடலும் பாதியில் இறங்கி நின்றது. நான் காதால் வேலை பார்க்கிறவன். இரண்டு நாளாகச் சத்தத்தைக் கேட்டேனே தவிர, காலடியைப் பார்க்கவே இல்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது போதாதென்று, நான் எஞ்சினையே ஒருமுறை வீணாகத் தூக்கி இறக்கியிருந்தேன்.

"அக்கா, கால எடு."

"எந்தக் கால?"

"கிளட்ச மிதிச்சிட்டிருக்கியே, அந்தக் கால."

"நான் எங்கடா மிதிக்கறேன்?" என்றாள், மிதித்துக்கொண்டே. பிறகு குனிந்து பார்த்தாள். யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். எடுத்ததும் வண்டி துள்ளிக்கொண்டு முன்னால் போனது.

இருபது வருடம் வண்டி ஓட்டிப் பழக்கிய அக்காவுக்குத் தன் காலில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஊருக்குத்தான் உபதேசம். நாப்பத்தஞ்சு வயசு மெக்கானிக், நான் ஓட்டினாலும் நீ கிளட்ச் போடுவியா?"

"புது எஞ்சினாச்சே, நீ வேற மொரட்டுப் பய. பாஞ்சிடுமோன்னு மனசுக்குள்ள..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். அவள் முகம் மாறியதைப் பார்த்துத்தான் எனக்கும் உறைத்தது. கருகிப்போன பழைய பிளேட் நினைவுக்கு வந்தது. பல் டாக்டர், தையல்காரம்மா, கணக்கு வாத்தியார் எல்லோருக்கும் அவள் வாயால்தான் சொல்வாள். கிளட்சை அழுத்து, மெதுவா விடு, நான் தொட மாட்டேன், நீயே பண்ணு என்று கறாராக உட்கார்ந்திருப்பாள். வெளியாட்கள் ஓட்டினால் அவளுக்குப் பயம் கிடையாது. நானோ மாமாவோ ஓட்டினால்தான் பயம். அதனால் எங்களுக்கு மட்டும் அவள் வாய்க்குப் பதில் கால் வேலை செய்திருக்கிறது.

"அவருக்கும் இப்படித்தான் மிதிச்சிருக்கேனாடா?" என்றாள்.

தேர்வில் பக்கத்து சீட்டில் அதிகாரி உட்காருகிறார். அவர் எதற்கு மாமாவுக்குக் கிளட்ச் போடப்போகிறார். பாதியில் தாங்கிப் பிடிக்க அக்காவின் கால் இல்லாததால், மாமா காலை விட்டதும் வண்டி அணைந்திருக்கிறது.

"மூணு தடவையும் அவர நான்தான் தோக்கடிச்சேனா?"

அக்கா அழுது நான் பார்த்தது ரொம்பக் குறைவு. அன்றைக்கு அழவில்லை, ஆனால் அழுகைக்குப் பக்கத்தில் போய்விட்டாள். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மாமா பேக்கரியில் காலை வேலை முடித்து, தலைமுடியெல்லாம் மாவோடு, லேசாக இழுக்கும் மூச்சோடு பட்டறைக்கு வந்தார். நானே பக்குவமாகச் சொல்லலாம் என்று இருந்தேன். அக்கா விடவில்லை. அவர் நாற்காலியில் உட்காருமுன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். மாமா அவள் காலைப் பார்த்தார், பெடலைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"அப்ப நான் மக்கு இல்லையா?" என்றார். "மூணு வருஷமா நான் மக்குன்னு நெனச்சு ராத்திரி தூக்கமில்லாம கெடந்தேன்."

"மக்குதான்" என்றாள் அக்கா. "ஆனா அது கால்ல இல்ல."

சிரிப்பு அடங்கியதும் நிலைமை தெரிந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குத் தேர்வு. இத்தனை நாள் வண்டி ஓட்டியும், மாமா தன் காலால் ஒரு தடவைகூட முழுசாகக் கிளட்ச் விட்டதில்லை. பழக வேண்டியது ஒரே ஒரு வேலைதான். ஆனால் அதை ஒரே மத்தியானத்தில் பழகியாக வேண்டும்.

அக்காவைப் பட்டறையிலேயே உட்காரச் சொல்லிவிட்டு நான் பக்கத்து சீட்டில் ஏறினேன். சந்தேகத்துக்கு இடம் வேண்டாம் என்று இரண்டு காலையும் மடக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டேன். பட்டறைக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் ஆரம்பித்தோம்.

"ஆக்சிலரேட்டர தொடாதீங்க மாமா. கிளட்ச மட்டும் மெதுவா விடுங்க. எஞ்சின் சத்தம் கொஞ்சம் தணியும். தணிஞ்சதும் கால அப்படியே நிறுத்துங்க."

வண்டி அணைந்தது. மறுபடி அணைந்தது. எண்ணிக்கொண்டே வந்தேன், பதினேழு தடவை. ஒவ்வொரு தடவையும் புது எஞ்சின் குலுங்கி நிற்கும்போது எனக்கு நெஞ்சு குலுங்கியது. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். மாமாவின் நெற்றி வியர்வையைப் பார்த்து மூடிக்கொண்டேன். தூரத்தில் பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அக்கா, நாங்கள் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் இடது காலால் தரையை மிதித்துக்கொண்டிருந்தாள்.

பதினெட்டாவது தடவை சத்தம் தணிந்தது. மாமா காலை நிறுத்தினார். வண்டி தானாக நகர்ந்தது.

"மாப்ளே" என்றார் மெதுவாக, வண்டி அதைக் கேட்டுவிட்டு மறுபடி நின்றுவிடுமோ என்று பயந்தவர்போல. "மாவு உப்பி வரும்போது கைக்குத் தெரியுமே, அது மாதிரி கால்ல தெரியுது."

"அதேதான். விடுங்க, முழுசா விடுங்க."

சாயங்காலத்துக்குள் காலி இடத்தின் மண்மேட்டில் வண்டியை நிறுத்தி, நிறுத்தி, மறுபடி கிளப்பினார். ஐந்தில் நான்கு தடவை சரியாக வந்தது. ஐந்தாவது தடவையைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை அலுவலக வாசலில் கூட்டம். மாமா ஸ்டீயரிங் முன்னால், அதிகாரி பக்கத்து சீட்டில். நானும் அக்காவும் வெளியே பெஞ்சில். தேர்வுப் பாதையில் ஒரு மேடு உண்டு. அதன் பாதியில் நிறுத்திப் பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும். மாமா மூன்று தடவையும் தோற்றது கிளப்புவதில்தான். வண்டி மேட்டில் ஏறி நின்றது. அக்காவின் இடது கால் தரையைத் தேடியது. அவளே அதைக் கவனித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் இரண்டு காலையும் தூக்கிப் பெஞ்சின் மேல் மடித்து உட்கார்ந்தாள். டீ விற்பவர் திரும்பிப் பார்த்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை.

மேட்டிலிருந்து எஞ்சின் சத்தம் கேட்டது. நான் இரண்டு தடவை உள்ளே இறக்கிய எஞ்சின். சத்தம் தணிந்தது. தணிந்து அப்படியே நின்றது. பிறகு மெல்ல மேலே ஏறியது சத்தம், அதோடு வண்டியும்.

பத்து நிமிடம் கழித்து மாமா ஒரு காகிதத்தோடு வெளியே வந்தார். அதை அக்காவிடம் கொடுத்தார். அவள் படித்தாள், திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள், மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தாள்.

"திங்கக்கிழமை வேனுக்கு எத்தன மணிக்குப் போகணும்?" என்றாள்.

"அஞ்சுக்கு."

"சரி, வண்டிய எடுங்க. வீட்டுக்குப் போலாம்."

நான் பின் சீட்டில் ஏறினேன். அக்கா முன்னால் மாமா பக்கத்தில். முதல் சிக்னலில் நின்று கிளம்பினோம், இரண்டாவதில் நின்று கிளம்பினோம். அதட்டலோ திட்டோ ஒன்றும் வரவில்லை. என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தேன். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. கால் இரண்டும் பெடலைவிட்டுத் தள்ளி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஓடுகிற வண்டியில் அவள் கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை.

"மாமா" என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, பேசாதே என்று தலையை ஆட்டினார்.

வீட்டுத் திருப்பம் வந்தது. மாமா தூங்கும் அக்காவை ஒருமுறை பார்த்தார், போட்ட இண்டிகேட்டரை அணைத்துவிட்டு நேரே போனார்.